இரத்தப் பரிசோதனை அறிக்கையில் புரியாத எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தவரின் கைக்கு, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை வந்து சேர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு நாள்களில்தான் கவலை வேர்விடுகிறது. ஆய்வக அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பணியில் நெடுங்காலம் இருப்பதால், அந்த நாள்களில் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எனக்குப் பழக்கமானவை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கும். அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நோயைத் தீர்மானிப்பது உங்கள் மருத்துவரின் வேலை. ஓர் எண் எப்படிப் பிறக்கிறது, எதனால் பிறழ்கிறது, எந்த எண்ணோடு சேர்த்து அதை வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்வது மட்டுமே என் வேலை.

ஓர் எண் தடித்த எழுத்திலும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியுடனும் வந்திருக்கிறது. எனக்கு நோய் இருக்கிறது என்று பொருளா?

இல்லை. அந்தக் குறியை இடுவது மருத்துவர் அல்லர், கணினி. அச்சிட்டிருக்கும் வரம்புக்கு வெளியே எண் போனால் அது குறியிடும். சற்றே வெளியே போனதா, வெகுதூரம் போனதா என்று அது பார்ப்பதில்லை. வரம்பின் மேல் எல்லை 40 என்றால், 41-க்கும் 400-க்கும் ஒரே நட்சத்திரம்தான் விழும். ஆகவே குறியைப் பார்த்து நின்றுவிடாமல், எண் எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இயல்பு வரம்பு என்பதை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள்?

நோயில்லாதவர்கள் என்று கருதப்படும் ஒரு குழுவினரிடம் (குறைந்தது 120 பேர் என்பது வழக்கமான அளவு) இரத்தம் எடுத்து, ஒவ்வொருவரின் அளவையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையின் கீழ் முனையில் 2.5 விழுக்காட்டையும் மேல் முனையில் 2.5 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் எஞ்சும் 95 விழுக்காட்டினரின் அளவுகளையே இயல்பு வரம்பாக அச்சிடுகிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களும் நலமானவர்களே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதாவது, நலமாக இருப்பவர்களிலேயே இருபதில் ஒருவர் வரம்புக்கு வெளியே விழுவது இந்த முறையின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொள்ளும் ஒரு நலமான மனிதருக்கு, அவற்றுள் ஒன்றாவது வரம்பு தாண்டிவர ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது, 0.95 என்பதை இருபது முறை பெருக்கி, வரும் விடையை ஒன்றிலிருந்து கழித்தால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும். எழுபது எண்பது அளவுகள் கொண்ட பெரிய பரிசோதனைத் தொகுப்பை வாங்கியவருக்கு, ஒரு நட்சத்திரம்கூட இல்லாத அறிக்கை வந்தால்தான் வியப்பு. எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் இவ்வளவு பெரிய தொகுப்புகளைத் தாமாகவே செய்துகொள்வது நல்லதைவிட அலைச்சலையே அதிகம் தருகிறது என்பது என் கருத்து.

எல்லாப் பரிசோதனைகளுக்கும் வரம்பு இப்படித்தான் கணக்கிடப்படுகிறதா?

இல்லை. சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி ஆகியவற்றுக்கு அச்சிடப்படும் எண்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. எந்த அளவுக்கு மேல் போனால் பிற்காலத்தில் கண், சிறுநீரகம், இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பார்த்து, நிபுணர் குழுக்கள் முடிவுசெய்த எல்லைகள் அவை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராம் என்ற எல்லை அத்தகையது. இவ்வகை எல்லைகள் ஆராய்ச்சிக்கும் விவாதத்துக்கும் ஏற்ப மாறும். வைட்டமின் டி-க்கு 2011-இல் ஓர் அமெரிக்கக் குழு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் போதும் என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு 30 வேண்டும் என்றது. 24 என்ற எண்ணுடன் வருபவர் ஓர் ஆய்வகத்தில் போதுமானவராகவும் மற்றோர் ஆய்வகத்தில் குறைபாடுள்ளவராகவும் அறிவிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். அவருடைய உடலில் எதுவும் மாறிவிடவில்லை.

இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தேன், எண்கள் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

முதலில் அலகைப் பாருங்கள். ஒரே சர்க்கரை அளவு ஓர் அறிக்கையில் 108 மில்லிகிராம் என்றும் மற்றதில் 6.0 மில்லிமோல் என்றும் இருக்கலாம். 18-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. யூரியாவில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். சில ஆய்வகங்கள் முழு யூரியாவையும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் பி.யு.என். என்ற பெயரிலும் தருகின்றன. முன்னது பின்னதைப்போல் 2.14 மடங்கு இருக்கும் என்பதால், 15 என்பது அடுத்த மாதம் 32 ஆகிவிட்டதென்று பதறி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலகு ஒன்றாக இருந்தும் எண் வேறுபட்டால், கருவியும் வேதிப்பொருளும் வேறாக இருக்கலாம். அதனால் ஒவ்வோர் எண்ணையும் அந்த ஆய்வகம் அச்சிட்ட வரம்போடு மட்டுமே ஒப்பிட வேண்டும்; தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய ஒன்றை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது.

எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் சென்ற ஆண்டைவிட மாறியிருக்கிறது. கவலைப்படலாமா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பலரின் அளவுகளைக் கொண்டு கட்டிய வரம்பு அகலமானது. ஒரு தனிமனிதரின் அளவு அந்த அகலத்துக்குள் குறுகியதொரு தடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகளாக ஹீமோகுளோபின் 15.5 இருந்த ஓர் ஆணுக்கு இப்போது 13.2 என்றால், நட்சத்திரம் விழாது. ஆனால் எங்கோ சிறிது சிறிதாக இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் தேட வேண்டிய வீழ்ச்சி அது. மாறாக, எப்போதும் வரம்புக்குச் சற்று வெளியிலேயே இருந்துவரும் எண் பெரும்பாலும் உங்கள் இயல்பாகவே இருக்கும்.

எல்லா அளவுகளும் ஒரே அளவுக்கு ஊசலாடுவதில்லை. சோடியம் நாளுக்கு நாள் ஒரு விழுக்காடுகூட நகராது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எந்த நோயும் இல்லாமலே இருபது விழுக்காடு ஏறியிறங்கும். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது. ஆனால் எம்.சி.வி. குறைவு, ஆர்.டி.டபிள்யூ. அதிகம் என்று வந்திருக்கிறது. இவை என்ன?

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. எம்.சி.எச். என்பது ஒவ்வோர் அணுவிலும் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும். ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்கள் எல்லாம் ஒரே அளவினவா, அல்லது சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைக் காட்டும் விழுக்காடு, 14.5-ஐத் தாண்டினால் கலவை அதிகம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கதை விரியும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. உடலில் இரும்புச்சத்து குறையத் தொடங்கியதும் எலும்பு மஜ்ஜை சிறிய அணுக்களை உண்டாக்குகிறது. ஆனால் பழைய, முழு அளவிலான அணுக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிறிதும் பெரிதும் கலப்பதால் ஆர்.டி.டபிள்யூ. ஏறுகிறது, எம்.சி.வி. மெல்ல இறங்குகிறது. ஹீமோகுளோபின் வரம்புக்குக் கீழே விழுவதற்கு முன்பே இவை முன்கூட்டித் தகவல் சொல்லிவிடும். இரும்பின் சேமிப்பை உறுதிசெய்ய, இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும். நலமாயிருக்கும் பெரியவருக்கு அது 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும் என்பதால், அப்போது எண் இயல்பாக இருந்தாலும் குறைபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எம்.சி.வி. குறைவாக இருக்கும் எல்லோருக்கும் இரும்புக் குறைபாடு இல்லை. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் அணுக்கள் சிறியனவாகவே இருக்கும்; ஆனால் எண்ணிக்கை குறையாது, சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். எம்.சி.வி.-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் எளிய கணக்கு ஒன்று 1973 முதல் வழக்கில் இருக்கிறது. எம்.சி.வி. 72, அணுக்கள் 4.1 மில்லியன் என்றால் விடை 17.6, பதின்மூன்றுக்கு மேல் என்பதால் இரும்புக் குறைபாட்டின் பக்கம் சாய்கிறது. எம்.சி.வி. 68, அணுக்கள் 5.9 மில்லியன் என்றால் 11.5, தலசீமியாவின் பக்கம். இது சந்தேகத்தைத் திசைப்படுத்தும் கணக்கு மட்டுமே. உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். இதில் மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. தலசீமியா மரபணு உடையவர் தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பதைத் தவிர்க்கலாம். துணைக்கும் அதே மரபணு இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு என்ன நேரலாம் என்பதை முன்னரே அறிந்துகொள்ளலாம்.

எம்.சி.வி. 100-க்கு மேல் போனால் வைட்டமின் பி12, ஃபோலேட் குறைபாடு, மதுப் பழக்கம், கல்லீரல் கோளாறு, தைராய்டு குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் வரிசையாகப் பார்ப்பார்.

லிம்ஃபோசைட் 48 விழுக்காடு, நியூட்ரோஃபில் குறைவு என்று இருக்கிறது. இரத்தப் புற்றுநோயாக இருக்குமா?

விழுக்காடு ஏமாற்றும். லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில், ஈசினோஃபில் எல்லாம் வெள்ளையணுக்களின் வகைகள். வெள்ளையணுக்களின் மொத்தம் எப்போதும் நூறு விழுக்காடுதான் என்பதால், ஒன்று குறைந்தால் மற்றொன்று ஏறியே ஆக வேண்டும். மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 5,000, லிம்ஃபோசைட் 48 விழுக்காடு என்றால் 2,400. பெரியவருக்கு 1,000 முதல் 4,000 வரை இயல்பு. நியூட்ரோஃபில் 42 விழுக்காடு என்றால் 2,100, அதுவும் இயல்பே. பல அறிக்கைகளில் இந்தப் பெருக்கல் தனி எண்ணிக்கை என்ற தலைப்பில் தனியாகவே அச்சிடப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். ஈசினோஃபில் 8 விழுக்காடு என்ற நட்சத்திரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கும் இதே விடை.

பிளேட்லெட் எனப்படும் தட்டணு 42,000 மட்டுமே என்று வந்திருக்கிறது. எனக்கோ உடம்பில் ஒரு குறையும் இல்லை. இது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. இதே எண்ணுடன் ஒரு பெண்மணி மருத்துவமனையில் படுக்கை தேடிக்கொண்டிருந்தார். உடலில் ஒரு சிராய்ப்போ சிவப்புப் புள்ளியோ இல்லை. ஈறில் இரத்தக் கசிவும் இல்லை. அவருடைய மாதிரியிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். தகட்டின் நடுவில் தட்டணுக்கள் அரிதாகவே தென்பட்டன. பூச்சு மெலிந்து முடியும் ஓரத்துக்கு நகர்த்தியபோது, ஊதா நிறப் பொடியைக் கிள்ளித் தூவியதுபோல், இருபதும் முப்பதுமாக ஒட்டிக்கொண்ட தட்டணுக் கொத்துகள் வரிசையாகக் கிடந்தன. கருவி அந்தக் கொத்துகளைத் தட்டணுக்கள் என்று எண்ணவே இல்லை.

இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். சிலருடைய இரத்தத்தில் அந்த உப்புடன் சேரும்போது மட்டும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழாய்க்கு வெளியே, உடலுக்குள், அப்படி எதுவும் நடப்பதில்லை. வெளிர்நீல மூடியிட்ட சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்துப் பார்த்தோம். அந்தக் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருக்கும் என்பதால், வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெருக்கியபின் 2,10,000 வந்தது. அந்தப் பெண்மணிக்கு நான் கொடுத்த அறிவுரை, இனி எங்கே இரத்தம் கொடுத்தாலும் இந்த விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பதுதான்.

உண்மையான குறைவும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. காய்ச்சலுடன் வரும் குறைவையும் இரத்தக் கசிவுடன் வரும் குறைவையும் குழாயின் குற்றம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இ.எஸ்.ஆர். 38 என்று இருக்கிறது. எங்கே நோய் என்று தெரியவில்லை.

நிறுத்திவைத்த குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்பதே இந்த எண். 1920-களிலிருந்து ஏறக்குறைய அதே முறையில் செய்யப்பட்டுவருகிறது. அழற்சி ஏற்படும்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி, அணுக்கள் நாணய அடுக்குபோல் சேர்ந்து விரைவாக இறங்குகின்றன. ஆனால் வயதும், இரத்தசோகையும், கர்ப்பமும்கூட அதை ஏற்றும். வயதுடன் பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது பெண்களுக்கான தோராயமான மேல் எல்லை. ஆண்களுக்கு வயதின் பாதி. 60 வயதுப் பெண்ணுக்கு 35 வரை ஏற்கலாம் என்னும்போது, 38 என்பது வேறு அறிகுறி இல்லாத நிலையில் பெரிதாக எதையும் சொல்வதில்லை.

பொட்டாசியம் 6.1, கீழே மாதிரியில் அணுக்கள் சிதைந்துள்ளன என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

அந்தக் குறிப்புதான் விடை. சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டிவிடும். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் அப்போது இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரியும். இரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறப்பதும் பொட்டாசியத்தை ஏற்றும். இருந்தாலும், உண்மையாகவே 6 இருந்தால் இதயத் துடிப்பைக் குலைக்கும் என்பதால், அதே நாளில் மறுபடி இரத்தம் கொடுத்து உறுதிசெய்வதே முறை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் இதில் காத்திருக்கவே கூடாது.

பிலிருபின் மட்டும் 1.9, கல்லீரலின் மற்ற அளவுகள் எல்லாம் இயல்பு.

பிலிருபின் என்பது பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள். நேரடி, மறைமுகம் என்று அது இரண்டாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். கூடியிருப்பது மறைமுக வகை மட்டுமே, ஹீமோகுளோபினும் இயல்பு என்றால், அது பெரும்பாலும் கில்பர்ட் நிலை. பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் 1901-இல் விவரித்த இது, பிலிருபினைக் கரையும் வடிவாக மாற்றும் நொதி பிறவியிலேயே சற்று மெதுவாக வேலை செய்வதால் வருகிறது. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கேனும் இருக்கிறது. பட்டினி கிடந்தாலும், காய்ச்சல் வந்தாலும் எண் ஏறும், கண்ணும் லேசாக மஞ்சளாகும், பிறகு தானாக இறங்கும். மருந்து தேவையில்லை. நேரடி வகை கூடியிருந்தால் இந்த ஆறுதல் பொருந்தாது. பித்தநாளத்தையும் கல்லீரலையும் பார்த்தாக வேண்டும்.

எஸ்.ஜி.ஓ.டி. 146 என்று வந்திருக்கிறது. நான் மது அருந்துவதே இல்லை.

கடந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இருக்கும் நொதியன்று, தசையிலும் நிறைய உண்டு. புதிதாகப் பளு தூக்கத் தொடங்கிய ஓர் இளைஞருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 146-உம் எஸ்.ஜி.பி.டி. 62-உம் வந்து, கல்லீரல் போய்விட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டார். தசை நொதியான சி.கே.-யைப் பார்த்தபோது அது ஆயிரக்கணக்கில் இருந்தது. பத்து நாள்கள் ஓய்வுக்குப்பின் மூன்றும் இறங்கிவிட்டன. எஸ்.ஜி.பி.டி. பெரிதும் கல்லீரலுக்குரியது, அது தனியாக ஏறியிருந்தால் கல்லீரல் கொழுப்பு, வைரஸ் தொற்று, மருந்து ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கூடுவது இயல்பு. முன்னது எலும்பிலிருந்தும் பின்னது நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிறது.

கிரியேட்டினின் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். 51 என்று பயமுறுத்துகிறது. எது சரி?

இரண்டும் சரி. கிரியேட்டினின் தசையில் பிறந்து சிறுநீரகத்தால் வெளியேறுகிறது. தசை மெலிந்தவருக்குக் குறைவாகவே பிறக்கும் என்பதால், சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் இயல்பாகவே தெரியும். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சூத்திரத்தில் கணக்கிட்ட, சிறுநீரகம் வடிகட்டும் திறன். 1.1 என்ற ஒரே கிரியேட்டினின், 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, 25 வயது ஆணுக்கு ஏறத்தாழ 95 என்றும் 80 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 51 என்றும் விடை தரும்.

60-க்குக் கீழ் ஒருமுறை வந்ததாலேயே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று முத்திரை குத்துவதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவை தற்காலிகமாக இறக்கிவிடும். தசை வளர்க்கக் கிரியேட்டின் பொடி எடுப்பவர்களுக்கும், நல்ல தசைக்கட்டு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, எச்.பி.ஏ.1.சி. 6.3. ஒன்று நல்லது என்கிறது, மற்றொன்று எச்சரிக்கிறது.

முன்னது அந்தக் காலைப் பொழுதின் அளவு. பின்னது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே எச்.பி.ஏ.1.சி. என்பதால், காலையில் இயல்பாகவும் சாப்பாட்டுக்குப்பின் மிகுதியாகவும் இருப்பவர்களை அது பிடித்துவிடும். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு.

எனினும் அது சிவப்பணுவை நம்பியிருக்கும் அளவு. இரும்புக் குறைபாட்டில் அணுக்கள் நீண்ட நாள் சுற்றுவதால் எண் பொய்யாக ஏறும். இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் அணுக்கள் விரைவாகச் சிதைபவருக்கும் பொய்யாக இறங்கும். ஆகையால் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 9 என்று இருந்தால், ஐந்தாம் பக்கத்து எச்.பி.ஏ.1.சி.-யை அப்படியே நம்ப முடியாது. சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடியுள்ள குழாயைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். வேறு குழாயில் பிரிக்காமல் வைத்திருந்தால் அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு வரை குறைத்துவிடும். அறிகுறி இல்லாதவருக்கு ஒற்றை எண்ணைக் கொண்டு நீரிழிவு என்று முடிவுகட்டுவதில்லை. இரண்டாவது சான்று வேண்டும்.

எல்.டி.எல். எண்ணுக்குப் பக்கத்தில் கணக்கிடப்பட்டது என்று போட்டிருக்கிறது. அளக்கவில்லையா?

கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல்.-ஐப் பல ஆய்வகங்களில் அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுவது 1972 முதல் உள்ள வழக்கம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கழித்தல் செல்லாது; அப்போது நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

டி.எஸ்.எச். 6.2. வாழ்நாள் முழுவதும் மாத்திரையா?

அவசரப்பட வேண்டாம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். நோயிலிருந்து தேறிவரும்போதும் சிறிது ஏறும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். கணிசமானவர்களுக்கு அது தானாகவே இறங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் எல்லைகள் வேறு.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை இங்கே பெரும் குழப்பத்தை உண்டாக்கும். பல கருவிகள் பயோட்டினையே பிணைப்புப் பொருளாகப் பயன்படுத்துவதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். தைராய்டு மிகைச் சுரப்பே வந்துவிட்டதுபோல் தோன்றும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன் அதை நிறுத்த வேண்டும். மருத்துவர் எழுதித்தராத பொருள் என்பதால் யாரும் அதை மருந்து என்று சொல்வதில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வருகிறது.

இரத்தம் கொடுக்கப் போகும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வெறும் வயிறு என்று சொல்லப்பட்டிருந்தால் 8 முதல் 12 மணி நேரம் போதும். 16 மணி நேரம் கிடப்பது எண்களைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இரண்டு நாள்களுக்குக் கடும் உடற்பயிற்சி வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். எதை எப்போது உட்கொண்டீர்கள் என்று எழுதிக்கொடுங்கள். வந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். படுத்திருந்து எடுப்பதற்கும் நின்றிருந்து எடுப்பதற்கும் ஆல்புமின், கால்சியம், ஹீமோகுளோபின் ஆகியவை ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை வேறுபடும்.

எந்த எண்கள் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது?

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ். தட்டணு 20,000-க்குக் கீழ், அல்லது எந்த அளவானாலும் இரத்தக் கசிவுடன். காய்ச்சலுடன் நியூட்ரோஃபில் தனி எண்ணிக்கை 500-க்குக் கீழ். சிதைவுக் குறிப்பு இல்லாத பொட்டாசியம் 6-க்கு மேல். சோடியம் 125-க்குக் கீழ். சர்க்கரை 54-க்குக் கீழ், அல்லது வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்து 300-க்கு மேல். அணுத்தகட்டுக் குறிப்பில் முதிரா அணுக்கள், அதாவது பிளாஸ்டுகள், காணப்படுகின்றன என்ற ஒரு வரி இருந்தாலும் அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய எண்கள் வந்தால் ஆய்வகமே பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவரை அழைத்துச் சொல்வது நடைமுறை. ஆனால் யாரும் அனுப்பாமல் தாமாக வந்து கொடுத்தவர்களுக்கு அழைக்க ஒரு மருத்துவர் இருப்பதில்லை. பதிவின்போது சரியான தொலைபேசி எண்ணைக் கொடுக்காதவர்களைத் தேடிப் பிடிக்க நாங்கள் படும் பாடு தனி.

மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டும்போது என்ன கேட்கலாம்?

இது உண்மையான மாற்றமா, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுமா, எத்தனை வாரம் கழித்து என்று கேளுங்கள். பொட்டாசியம் என்றால் அன்றைக்கே, எஸ்.ஜி.பி.டி. சிறிது கூடியிருந்தால் சில வாரம், எச்.பி.ஏ.1.சி. என்றால் மூன்று மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் இடைவெளி வேறு; அணுவின் வாழ்நாள் 120 நாள்கள் இருக்கையில் எச்.பி.ஏ.1.சி.-யை இரண்டே வாரத்தில் மறுபடி பார்ப்பதால் புதிதாக ஒன்றும் தெரியாது. பழைய அறிக்கைகளையும், விழுங்கும் மாத்திரைகளின் பட்டியலையும், பயோட்டின் உட்பட, உடன் கொண்டுசெல்லுங்கள்.